இரண்டாவது நாற்காலி

சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை மற்போரில் வென்ற செய்தியைப் புறநானூறு கற்றோர் அறிவர். சாத்தந்தையார் என்னும் புலவர் அப்போரைக் கண்முன் நிறுத்திப் பாடியிருக்கின்றார். மல்லனின் மார்பில் ஒரு கால் ஊன்றியதும், மறு கால் முதுகை வளைத்ததும் அங்கே உண்டு. மகனோடு பிணங்கியிருந்த தந்தை தித்தன் இதனைக் காணவேண்டும் என்ற புலவரின் ஆவலும் உண்டு. வென்றவன் பெயர் கிடைக்கிறது. தோற்றவன் ஊர் கிடைக்கிறது. ஆனால், கிள்ளிக்கு அந்தப் பிடியைக் கற்பித்தவன் யார்? காலையும் மாலையும் அவனோடு புழுதியிற் புரண்டு, அவன் கையால் ஆயிரம் முறை வீழ்ந்து, ஆயிரத்தோராம் முறை அவனை வீழ்த்திக் காட்டியவன் எவன்? பாட்டில் அவனுக்கு இடமில்லை.

இதனைப் புலவர் குறையென்று யான் சொல்லேன். வெற்றியைப் பாடுதல் புலவர் தொழில். கற்பித்தவனைத் தேடுதல் ஆசிரியர் தொழில். முப்பதாண்டுகளாகக் கரும்பலகையின் முன் நிற்பவனாகையால், வெற்றிச் செய்தி எதனைப் படித்தாலும் அதன் பின்னால் நின்றவனைத் தேடும் பழக்கம் எனக்கு உண்டாகிவிட்டது. அந்தத் தேட்டம் என்னை எங்கள் ஊர் எல்லைக்குள் நிறுத்தவில்லை. அமெரிக்க ஐக்கிய நாட்டின் கல்லூரி மற்போர்க் களங்கள்வரை கொண்டுபோயிற்று. அங்கே உதவிப் பயிற்றுநர் என்றொரு பதவி உண்டு. அப்பதவியில் வாழ்ந்தோர் சிலரின் வரலாற்றை ஆசிரிய உலகம் அறிதல் நன்று எனத் தோன்றிற்று. தமிழ்ப் பண்டிதனுக்கு மற்போரில் என்ன வேலை என்று அன்பர்கள் நகைக்கலாம். கட்டுரையை இறுதிவரை படித்தபின் நகைக்கட்டும்.

களமும் நாற்காலிகளும்

அமெரிக்கர் கல்லூரி என்று சொல்வது எம் நாட்டில் நாம் பல்கலைக்கழகம் என்று சொல்வதையே. அங்குள்ள கல்லூரிகளுக்கிடையே தேசிய மற்போர்ப் போட்டி 1928 முதல் நடந்து வருகின்றது. ஒலிம்பிக் மற்போருக்கும் கல்லூரி மற்போருக்கும் வேறுபாடு உண்டு. எதிரியை வீழ்த்தினாற் போதாது. வீழ்ந்தவனை எழவிடாது அடக்கியும் வைத்திருக்க வேண்டும் என்பது கல்லூரி முறையின் உயிர்நாடி. எதிரியைவிட ஒரு நிமிடமேனும் கூடுதலாக மேலிருந்து அடக்கியவனுக்கு அதற்கெனவே ஒரு புள்ளி கிடைக்கும். போட்டி ஏழு நிமிடம். எதிரியின் இரு தோள்களையும் நிலத்திற் படிய வைத்தால் அக்கணமே வெற்றி. 125 இறாத்தல் முதல் 285 இறாத்தல்வரை பத்து எடைப்பிரிவுகள். பத்துப் பேரும் தனித்தனியே போரிடுவர். பத்துப் பேரின் பேறும் ஒன்றுசேர்ந்து கல்லூரியின் பேறாகும்.

களத்தின் மூலையில் இரண்டு நாற்காலிகள் இடப்பட்டிருக்கும். ஒன்றில் தலைமைப் பயிற்றுநர் அமர்வார். மற்றதில் அமர்பவர் உதவிப் பயிற்றுநர். மறுநாட் செய்தித்தாளில் முதல் நாற்காலியின் பெயர் வரும். இரண்டாவது நாற்காலியின் பெயரைத் தேடித்தான் காணவேண்டும்.

இரண்டாவது நாற்காலிக்குரியவரின் வேலை யாது? தலைவர் அணியைத் தெரிவுசெய்வார்; நெறியை வகுப்பார்; கல்லூரி நிருவாகத்தோடும் ஊராரோடும் பேசுவார். உதவியாளரோ பயிற்சிக் கூடத்திற்குள் மாணவனோடு மாணவனாக இறங்குவார். பாரம் குறைந்த மாணவருக்குப் பாரம் குறைந்த உதவியாளர், பெருத்த மாணவருக்குப் பெருத்த உதவியாளர் என்று பார்த்துத் தெரிவதும் உண்டு. ஏனெனில், மற்போர் ஏட்டிலே கற்கும் கல்வியன்று. பிடியின் இறுக்கத்தைச் சொல்லால் விளக்க முடியாது, பிடித்தே காட்டவேண்டும். தவறான இடத்திற் கால் வைத்தால் என்ன நேரும் என்பதை வீழ்த்தியே உணர்த்தவேண்டும். அங்கே ஆசிரியனின் உடம்பே பாடநூல்.

அதனோடு வேலை முடிந்துவிடாது. உயர்நிலைப் பாடசாலைகளுக்குச் சென்று திறமையுள்ள சிறுவரைத் தேடுதல், அவர்தம் பெற்றோரோடு பேசுதல், சேர்ந்தபின் மாணவன் வகுப்புக்கு ஒழுங்காகப் போகிறானா என்று பார்த்தல், எதிரணியின் போட்டிகளைப் படத்திற் பார்த்து ஆராய்தல் ஆகிய யாவும் அவர் தோள்மேல் விழும். மற்போர்க் களத்திலே தோல் நோய்கள் விரைந்து பரவும். ஒருவனுக்கு வந்த படை சில நாட்களில் அணி முழுவதையும் பற்றும். ஆகையால் களத்து மெத்தைகளைக் கிருமிநாசினி இட்டுத் துடைப்பதும் நாள்தோறும் கவனிக்க வேண்டிய கருமமாகும். உலகப் போட்டியிற் பதக்கம் பெற்ற கைகள் துடைப்பத்தைப் பிடிக்கும் காட்சி அங்கே வியப்புக்குரியதன்று.

உலக வீரர் உதவியாளர் ஆனார்

இப்பதவியின் பெருமையை உணர்வதற்கு டான் கேபிளின் வரலாறு ஒன்றே போதும். 1948இல் அயோவா மாநிலத்து வாட்டர்லூ நகரிற் பிறந்தவர் அவர். பாடசாலையில் ஒரு போட்டியிலேனும் தோற்றதில்லை. அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்த பின்னரும் ஆண்டாண்டாகத் தோல்வி அவரை அணுகவில்லை. 1970இல், கல்லூரி வாழ்வின் கடைசிப் போட்டியில், வோஷிங்டன் பல்கலைக்கழகத்து லரி ஓவிங்ஸ் என்பவர் அவரை 13க்கு 11 என்னும் புள்ளிக் கணக்கில் வென்றார். பாடசாலைப் போட்டிகளிலும் கல்லூரிப் போட்டிகளிலும் அவர் கண்ட தோல்வி அது ஒன்றே. அதன்பின் 1971இல் உலக வீரரானார். 1972இல் மியூனிச் ஒலிம்பிக்கில் எதிரிகளுக்கு ஒரு புள்ளிதானும் கொடாது பொற்பதக்கம் பெற்றார்.

இத்தகைய ஒருவர் அடுத்துச் செய்தது யாது? தாம் படித்த பல்கலைக்கழகத்தின் போட்டிக் கல்லூரியாகிய அயோவாப் பல்கலைக்கழகத்தில் உதவிப் பயிற்றுநராகச் சேர்ந்தார். ஒலிம்பிக் வாகை சூடிய அதே ஆண்டிலே, புகழின் உச்சியில் நின்றபடியே, இரண்டாவது நாற்காலியில் அமர்ந்தார். தலைமைப் பயிற்றுநர் கரி கேர்டெல்மயர். அவரும் 1958இற் கல்லூரித் தேசிய வாகை சூடியவரே. ஆயினும் கேபிளின் பெயர் எட்டிய தூரம் அவர் பெயர் எட்டவில்லை. அப்பெயரைக் கண்டு அவர் அஞ்சவில்லை, அழைத்துக்கொண்டார்.

இவ்விடத்தில் ஆசிரியர்கள் சிறிது நின்று சிந்திக்க வேண்டும். தம்மினும் பெயர் பெற்ற ஒருவரைத் தமக்குக் கீழே அமர்த்திக்கொள்ளும் அதிபர் எத்தனை பேர்? அமர்த்திய பின்னர் அவர் கையைக் கட்டாது விடுபவர் எத்தனை பேர்? மறுபுறம், தம்மிலும் புகழ் குன்றிய ஒருவரின் கீழே முகஞ் சுளியாமல் உழைப்பவர் எத்தனை பேர்? கேர்டெல்மயரும் கேபிளும் நான்காண்டுகள் அவ்வாறு வாழ்ந்து காட்டினர். 1975இல் அயோவா தன் வரலாற்றிலே முதன்முதலாகத் தேசியப் போட்டியை வென்றது. 1976இல் மீண்டும் வென்றது. ஏட்டில் அவ்விரு வெற்றிகளும் கேர்டெல்மயர் பெயரிலேயே உள்ளன, முறையும் அதுவே. அந்த ஆண்டுகளில் அங்கே பயின்றவர்களுள் ஒருவர் கிறிஸ் கம்பல். அவர் 1976இற் கல்லூரி வாகையும், 1981இல் உலக வாகையும் சூடினார். 37ஆம் வயதில், 1992இல், பார்சலோனா ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்றார். நல்ல அத்திவாரம் எத்தனை காலம் தாங்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

1976இற் கேர்டெல்மயர் நிருவாகப் பதவிக்குப் போனார். முதல் நாற்காலியைக் கேபிளிடம் ஒப்படைத்தார். பின்வந்த 21 ஆண்டுகளில் கேபிளின் அணி 15 முறை தேசிய வாகை சூடியது. 1978 முதல் 1986வரை ஒன்பது ஆண்டுகள் இடையறாது வென்றது. இந்த எண்களை அமெரிக்க விளையாட்டுலகம் நன்கு அறியும். அவற்றுக்கு முன்னிருந்த நான்காண்டுகளை அறிவோர் சிலரே. யானோ அந்த நான்காண்டுகளையே மூலபாடம் என்பேன்; பின்வந்த 21 ஆண்டுகள் அதன் உரை.

கிளை விட்ட மரம்

கேபிள் தலைவரானதும் அவருக்கோர் உதவியாளர் வேண்டுமன்றோ? ஜே. றொபின்சன் வந்தார். அவரும் 1972 மியூனிச் ஒலிம்பிக்கிலே கிரேக்க உரோம முறை மற்போரில் அமெரிக்காவுக்காகப் போரிட்டவர். 1976 முதல் 1984வரை, எட்டாண்டுகள், அயோவாவில் இரண்டாவது நாற்காலியில் இருந்தார். 1986இல் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்றுநரானார். முப்பதாண்டுகள் அங்கே பணி செய்து 2001, 2002, 2007ஆம் ஆண்டுகளிற் தேசிய வாகையை அக்கல்லூரிக்குத் தேடித் தந்தார்.

அவற்றுள் 2001ஆம் ஆண்டு வெற்றி தனிச் சிறப்புடையது. அவ்வாண்டு மினசோட்டா மாணவர் பத்துப் பேரும் தத்தம் எடைப்பிரிவில் முதல் எட்டு இடங்களுக்குள் வந்தனர். ஆனால் ஒருவரேனும் முதலிடம் பெறவில்லை. முதல்வன் ஒருவனும் இல்லாத அணி முதலணியாயிற்று. போட்டி நடந்த இடமோ அயோவா. றொபின்சன் உதவியாளராயிருந்த அதே பல்கலைக்கழகத்தின் அரங்கு. ஒருவனை மாத்திரம் உயர்த்துவதற்கு ஒரு பெரிய வீரனின் பிறவித்திறன் போதியதாகலாம். பத்துப் பேரையும் ஒருங்கே உயர்த்துவதற்குக் கடைசி மாணவனையும் கைவிடாத ஆசிரியர் கூட்டம் வேண்டும். எட்டாண்டுகள் கூடத்தின் மூலை முடுக்கெல்லாம் மாணவரோடு புரண்ட ஒருவர், கடைசி மாணவனின் பெறுமதியை அறிந்திருந்ததில் வியப்பில்லை.

அயோவாவிலும் அந்த மரபு தொடர்ந்தது. 1997இற் கேபிள் விலகியபோது அவருக்கு உதவியாளராயிருந்த ஜிம் சலெஸ்கி தலைவரானார். 1998, 1999, 2000 என மூன்றாண்டுகள் தொடர்ந்து அணி வென்றது. 2006இல் அவர் இடத்திற்கு வந்த ரொம் பிரான்ட்ஸ் முன்னர் அங்கேயே பல்லாண்டு உதவியாளராயிருந்தவர். இவ்வாறு ஒருவர்பின் ஒருவராக முதல் நாற்காலிக்கு வந்த மூன்று தலைவர்களும் முன்னர் அங்கே இரண்டாவது நாற்காலியில் இருந்தவர்களே.

இவ்வளவும் படித்தவர், உதவியாளர் பதவி தலைமைக்கு ஏறும் படி, அவ்வளவே, என்று முடிவு செய்தல் கூடும். படியாக மட்டும் அதனைக் கருதுதல் தவறு. அதனைக் காட்டுதற்கு இன்னொருவர் வாழ்வைச் சொல்லவேண்டும்.

இறங்கி வந்தவர்

ரொம் பிரான்ட்சுக்கு உடன்பிறந்த இரட்டையர் ஒருவர் உளர். ரெரி பிரான்ட்ஸ் என்பது பெயர். அயோவாவின் ஷெல்டன் என்னும் சிற்றூரில் இருவரும் வளர்ந்தனர். ஒரே கூடத்தில் ஒருவரையொருவர் வீழ்த்திப் பழகினர். கேபிளிடம் இருவரும் கற்றனர். 1993இல் இருவரும் தத்தம் பிரிவில் உலக வீரராயினர். 1995இல் ரெரி இரண்டாம் முறையும் உலக வாகை சூடினார்.

1996இல் அட்லாண்டா ஒலிம்பிக் வந்தது. அமெரிக்க அணிக்கான தெரிவுப் போட்டியில் ரெரியைக் கெண்டல் குறொஸ் என்பவர் வென்றார். நடப்பு உலக வீரர் வீட்டில் நின்றார். வென்று சென்ற குறொஸ் பொற்பதக்கம் பெற்றார். அதே ஒலிம்பிக்கில் இரட்டையரில் மற்றவரான ரொம்மும் பொற்பதக்கம் பெற்றார். ஒரு மனிதனின் நெஞ்சில் ஒரே வாரத்தில் இத்தனை உணர்ச்சிகள் ஏறினால் அது எவ்வாறு தாங்கும்? நான்காண்டுகள் பொறுத்து 2000இல் சிட்னிக்குச் சென்றார் ரெரி. வெண்கலம் கிடைத்தது.

போட்டியிலிருந்து விலகிய பின்னர் டெனசி மாநிலத்துச் சட்டனூகாவில் 2002 முதல் 2005வரை தலைமைப் பயிற்றுநராயிருந்தார். அஃதாவது, முதல் நாற்காலியில் அமர்ந்து பார்த்தவர் அவர். பின்னர் கொலறாடோ ஸ்பிறிங்ஸிலுள்ள ஒலிம்பிக் பயிற்சி நிலையத்தில் இளம் வீரரைப் பயிற்றச் சென்றார். அங்கே அவரிடம் பயின்றவருள் ஒருவர் ஹென்றி செகூடோ. மெக்சிக்கோவிலிருந்து குடிபெயர்ந்த வறிய பெற்றோரின் மகன். 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கிலே, 21ஆம் வயதில், செகூடோ பொற்பதக்கம் பெற்றார். ஆசிரியனுக்குக் கிட்டாத பொன் மாணவன் கழுத்தில் விழுந்தது.

அதன்பின் எங்கும் தலைமைப் பதவியை நாடாது, 2008இல் அயோவாவுக்குத் திரும்பி, இரட்டையரான ரொம்மின் கீழ் உதவியாளராயினார் ரெரி. கீழ் என்று சொல்லுதல் பொருந்துமோ என்பது ஐயம். அருகில் என்பதே பொருந்தும். 2009, 2010, 2021ஆம் ஆண்டுகளில் அயோவா தேசிய வாகை சூடியபோது அவர் இரண்டாவது நாற்காலியில் இருந்தார். அவர் பங்குகொண்டு வளர்த்த ஸ்பென்சர் லீ கல்லூரி வாகையை மும்முறை சூடி, 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் வெள்ளிப்பதக்கம் பெற்றார்.

தலைமையை அறிந்தபின் துணைமையைத் தெரிந்துகொண்டவரை உலகம் இறங்கி வந்தவர் என்று சொல்லும். தொழிலின் உள்ளே நிற்பவருக்கு அவர் தம் இடத்துக்கு வந்து சேர்ந்தவராகவே தோன்றுவார். எம் பாடசாலைகளிலும் இத்தகையோர் உளர். அதிபர் பதவி தேடிவந்தபோதும் பாலர் வகுப்பை விட்டுப் போகாதவர் உளர். அரிச்சுவடி பிடிப்பித்த கை அவருடையது. பெரிய வகுப்பிலே சிறந்த சித்தி பெற்றபோது படத்தில் நிற்பவர் வேறொருவர். அவர் முகத்தில் அதனாற் கவலை இல்லை. அந்த முகத்தை அறிந்தவர்க்கே ரெரி பிரான்ட்சின் நாற்காலி விளங்கும்.

கூலியும் மானமும்

பெருமை பேசி வயிற்றை மறைத்தல் தகாது. உதவிப் பயிற்றுநரின் வாழ்வில் வறுமையும் உண்டு. அதனையும் சொல்லியாக வேண்டும்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை ஆளும் தேசியக் கழகம் 1991இல் ஒரு விதி செய்தது. செலவைக் குறைத்தல் நோக்கம். மேல்நிலைக் கல்லூரிகளில், அமெரிக்க முறை உதைபந்தாட்டம் தவிர்ந்த விளையாட்டுகளிலே, உதவிப் பயிற்றுநருள் ஒரு சாரார் ஆண்டுக்கு 16,000 டொலருக்கு மேல் ஊதியம் பெறுதல் ஆகாது என்பது அந்த விதி. கல்வியாண்டுக்கு 12,000, கோடைக்கு 4,000. முதல் நாற்காலிகளுக்கு இத்தகைய வரம்பு இல்லை. கடைசியில் இருந்தவன் கலத்திலேதான் கை வைத்தார்கள்.

கூடைப்பந்து உதவிப் பயிற்றுநர் சிலர் வழக்குத் தொடுத்தனர். ஏனைய விளையாட்டுகளின் உதவியாளரும் அவ்வழக்கில் அடங்கினர். 1995இல் நீதிமன்றம் அந்த விதி சட்டத்துக்கு மாறானது என்று தீர்ப்பளித்தது. 1998இல் மேல் நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. 1999இல் 5 கோடியே 45 இலட்சம் டொலர் கொடுத்துக் கழகம் வழக்கைத் தீர்த்துக்கொண்டது. துணை நிற்பவன் தன் உழைப்பின் விலையைத் தானே கேட்டுப் பெற்ற வரலாறு இது.

ஆயினும் சம்பளமே இல்லாத தொண்டர் பயிற்றுநர் என்னும் ஒரு வகுப்பு நெடுங்காலம் எஞ்சியிருந்தது. தலைவர் ஒருவர், உதவியாளர் இருவர், அவர்களோடு ஊதியம் பெறாத தொண்டர் ஒருவர் என்பது மற்போர் அணியின் அமைப்பு. தொண்டரும் ஏனையோரைப் போலவே வியர்வை சிந்தினார். மாதமுடிவில் கல்லூரி அவருக்கு யாதும் கொடுத்தல் கூடாது என்பது விதி. 2023 ஜூலையிலேதான் அவ்வகுப்பு ஒழிக்கப்பட்டது. இன்னோர் இடரும் உண்டு. 1970களுக்குப் பின்னர், பணமுடை முதலிய பல காரணங்களால், நூற்றுக்கு மேற்பட்ட கல்லூரிகள் மற்போரைக் கைவிட்டன. கல்லூரி ஒரு விளையாட்டை மூடும்போது, பெயர் பெற்ற தலைவருக்கு வேறிடம் கிடைத்தல் கூடும். உதவியாளரோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட வேண்டியவரே.

வேண்டாம் என்னும் சொல்

ஊதியத்தினும் பெரிய பொருள் ஒன்று உண்டு. அது மாணவனின் உயிர்.

மற்போரில் எடைப்பிரிவுகள் உண்டு என்றேன். தன் இயல்பான எடையிலும் குறைந்த பிரிவில் இறங்கினால் எளிதில் வெல்லலாம் என்ற ஆசையால், மாணவர் பட்டினி கிடந்து, நீர் அருந்தாது, காற்றுப் புகாத உடையணிந்து, வெப்பமூட்டிய அறையில் உடற்பயிற்சி செய்து வியர்வையாக எடையை இறக்கும் வழக்கம் பல்லாண்டு இருந்தது. 1997 நவம்பர் 7ஆம் நாளுக்கும் டிசம்பர் 9ஆம் நாளுக்கும் இடையில், வட கரோலினா, விஸ்கொன்சின், மிச்சிகன் ஆகிய மூன்று மாநிலங்களில், மூன்று கல்லூரி மாணவர் இவ்வாறு எடை குறைக்க முயன்று இறந்தனர். மூவரும் இளைஞர். ஏறத்தாழ ஒருமாத எல்லைக்குள் மூன்று வீடுகளில் விளக்கு அணைந்தது.

அதன்பின் கழகம் விழித்துக்கொண்டது. வெப்ப அறையும் நீராவிக் குளியலும் காற்றுப் புகாத உடையும் தடுக்கப்பட்டன. எடை நிறுக்கும் நேரம் போட்டிக்கு அணித்தாகக் கொண்டுவரப்பட்டது; நிறுத்தபின் உண்டு தேறும் இடைவெளி இல்லையாகவே, பட்டினியால் வரும் இலாபமும் இல்லையாயிற்று. எடைப்பிரிவுகள் உயர்த்தப்பட்டன; 118 இறாத்தலாயிருந்த மிகக் குறைந்த பிரிவு 125 ஆயிற்று. பருவத் தொடக்கத்தில் மாணவனின் உடம்பிலுள்ள நீரையும் கொழுப்பையும் அளந்து, அவன் இறங்கத்தக்க மிகக் குறைந்த எடையை வரையறுக்கும் முறை வந்தது.

விதிகள் நல்லனவே. ஆனால் விதி பயிற்சிக் கூடத்தில் வந்து நிற்பதில்லை, மனிதனே நிற்கின்றான். இவ்விடத்திலேதான் இரண்டாவது நாற்காலியின் முழுப் பொருளும் எனக்குப் புலப்படுகின்றது. அணியைத் தெரிவுசெய்பவர் தலைவர். ஆதலால் தலைவர் முன் தன் வலியைச் சொல்ல மாணவன் அஞ்சுவான்; சொன்னால் இடம் போய்விடுமே என்று மறைப்பான். கூடத்தில் தன்னோடு புரளும் உதவியாளரிடம் அவ்வளவாக மறைக்க இயலாது. மாணவனின் பிடி தளர்வதை அவர் தம் கையால் அறிவார். அவன் மூச்சு மாறுவதைத் தம் காதருகே கேட்பார். வியர்க்க வேண்டிய உடம்பு வியர்க்காதிருப்பதைத் தம் தோலால் உணர்வார். மருத்துவரும் அறியுமுன் அறியக்கூடியவர் அவர். அப்பொழுது "வேண்டாம், இன்று போதும்" என்று சொல்லும் நெஞ்சுரம் அவருக்கு வேண்டும். மாணவன் கெஞ்சினாலும், போட்டி நெருங்கினாலும், தலைவரே முகங் கோணினாலும் அந்தச் சொல்லைச் சொல்லவேண்டும்.

வகுப்பறைக்கும் இதுவே நியாயம். சோதனை நெருங்கும்போது மாணவரை இரவும் பகலும் நெருக்குகின்றோம். கண் குழிந்து, உணவு மறந்து இருப்பவனைக் கெட்டிக்காரன் என்று பாராட்டுகின்றோம். அவனருகே நின்று, போதும் என்று சொல்பவர் யார்? முதற் பிரிவில் எத்தனை பேர் சித்தியடைந்தனர் என்று அதிபரைக் கேட்பார்கள். எத்தனை பேரை வாடாது காத்தோம் என்று எவரும் எம்மைக் கேட்பதில்லை. கேளாவிட்டாலும் அந்தக் கணக்கு எம்முடையது.

முடத்தெங்கும் நீர் வார்த்தவரும்

ஆகாத ஆசிரியருக்கு நன்னூலார் சொன்ன உவமைகளுள் முடத்தெங்கு ஒன்று. ஒரு வளவில் நின்று நீருண்டு, வளைந்து, அயல் வளவிற் காயை உதிர்க்கும் தென்னை அது. வழிபட்டு நின்ற மாணவனை விட்டு ஏனையோர்க்குக் கற்பிக்கும் ஆசிரியனை நூலாசிரியர் அதற்கு ஒப்பிட்டார். அவ்வுவமையைக் கற்பிக்கும்போதெல்லாம் மாணவர் தென்னையைப் பார்த்துச் சிரிப்பர். யான் நீர் வார்த்தவனை நினைப்பேன். காய் அயல் வளவில் விழும் என்று அறிந்தும் நாள்தோறும் குடத்தைச் சுமப்பவன் ஒருவன் இருப்பானாயின், அவனை என்ன பெயரால் அழைப்பது? நன்னூல் அவனுக்கு உவமை கூறவில்லை. அமெரிக்கக் கல்லூரிகளில் அவனுக்கு உதவிப் பயிற்றுநர் என்று பெயர்.

இன்று அங்கே புதிய வளவுகளும் தோன்றுகின்றன. பெண்களின் மற்போரைத் தேசியக் கழகம் 2025இல் வாகைப் போட்டிகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்னரே, 2021இல், அயோவாப் பல்கலைக்கழகம் பெண்கள் அணி ஒன்றை அமைத்து, கிளாரிசா சுன் என்பவரைத் தலைமைப் பயிற்றுநராக்கியது. 2008இல் உலக வாகையும் 2012இல் ஒலிம்பிக் வெண்கலமும் பெற்ற அந்த அம்மையாரும் தலைமைக்கு வருமுன் தேசியப் பெண்கள் அணிக்கு உதவிப் பயிற்றுநராயிருந்தவரே. புதிய அணிகள் பல எழுகின்றன. ஒவ்வோர் அணிக்கும் இரண்டாவது நாற்காலி வேண்டும். அதில் அமர்வதற்கு ஒருவர் வேண்டும். அவருக்கு உரிய கூலியும் உரிய மதிப்பும் வேண்டும்.

மாணவர் இக்கட்டுரையைப் படிப்பாராயின் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் வென்ற நாளில் மேடையில் நிற்பவரை வணங்குங்கள், அது முறை. வணங்கியபின் ஒருகணம் பின்னால் திரும்பிப் பாருங்கள். முதன்முதலில் உங்கள் கையைப் பிடித்தவர், வீழ்ந்தபோது தாமும் உடன் வீழ்ந்தவர், போதும் என்று ஒருநாள் தடுத்தவர் அங்கே நிற்பார். அவர் பெயரை உங்கள் வாயாற் சொல்லுங்கள். புலவர் பாடாது விட்டதை மாணவன் சொன்னாற் போதும்.